அந்த வேட்டிக்காரர் நான்தான்

சங்ககிரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தும் பூபதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்களுக்கும் தங்கள் இதழுக்கும் ஆயுள் நீளட்டும்.

சேலத்தில் கல்லூரி மாணவர்கள் போட்ட பங்க் நாடகத்தைப் பற்றிய விமர்சனம் படித்தேன். கடைசியில் மேடையேறும் வேட்டிக்காரர் "மனம் திருந்திய பழைய தலைமுறையின் குறியீடு" என்று உங்கள் விமர்சகர் எழுதியிருக்கிறார். ஐயா, அது குறியீடு இல்லை. நான்.

நாடகத்தை எழுதி நடித்தது என் மகள் அறிவுச்செல்வி. கதை இதுதான்: பச்சைத் தலைமயிரைச் சேவல் கொண்டை மாதிரி நிறுத்தி, சட்டை முழுக்க ஊக்கு குத்திக்கொண்டு, பங்க் என்கிற வெளிநாட்டு ஆவேசப் பாட்டுக்குழு நடத்தும் பெண்; அது பிடிக்காத அப்பா. முடிவில் அவள் கிட்டாரை உடைத்துப் போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போவாள், அப்பாவாக நடிக்கும் மாணவன் நந்தகுமார் வாய் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், விளக்கு அணையும். எழுதியது அவ்வளவுதான்.

அன்றைக்கு விளக்கு அணையவில்லை. "இனி இந்த ஊட்டுப் பக்கம் வரமாட்டேன்" என்று அவள் வாசலைத் தாண்டியதும் எனக்கு நாடகம் என்பதே மறந்துபோய், என் மனைவி ஜோதி வேட்டியைப் பிடித்து இழுக்க இழுக்க மேடையேறிவிட்டேன். "ஏந் தம்பி, புள்ள போகுது, கல்லாட்டம் உக்காந்திருக்கறீங்களே!" என்று நந்தகுமாரிடம் சத்தம் போட்டுவிட்டு, "சாமி, கோவம் இருந்தா இருக்கட்டும், சோறு தின்னுட்டுப் போ" என்று மகளைக் கூப்பிட்டேன். அவள் முறைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "என்ன கொழம்பு?" என்றாள். "கோழிக் கொழம்பு சாமி" என்றதும் அரங்கமே எழுந்து கைதட்ட, வேறு வழியில்லாமல் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அப்போது நான் போட்ட சத்தம் உங்கள் விமர்சகர் எழுதிய "ஒரு தலைமுறையின் கதறல்" அல்ல. அவள் சட்டை ஊக்கு என் நெஞ்சில் ஏறிவிட்டது.

வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கியதும் அவள் அழுதாள். "அப்பா, அந்தப் புள்ளைய யாருமே கூப்புடலைங்கறதுதானுங்க நாடகமே. மாசக்கணக்கா எழுதுனேன். கெடுத்துப்போட்டீங்க."

"யாருமே கூப்புடலைங்கறதுதான் சாமி எனக்குத் தாங்கல" என்றேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு, "நெசமாவே கோழிக் கொழம்பா?" என்றாள்.

"ரசந்தான்" என்றாள் ஜோதி. அப்புறம்தான் மகள் சிரித்தாள்.

ஆகவே, அந்தப் பெண் போய்விடுவதுதான் உண்மையான முடிவு, நான் நாடகத்தில் சேர்த்தி இல்லை என்று அடுத்த இதழில் திருத்தம் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விமர்சகர் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
பூபதி

பி.கு.: திருத்தம் வேண்டாம். நாடகத்தை மேட்டூருக்குக் கூப்பிட்டவர்கள் வேட்டிக்காரர் வந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். அறிவுச்செல்வி பகல் முழுக்கச் சண்டை போட்டுவிட்டு, முடிவை மாற்றி எழுதிவிட்டாள். இந்த முறை வீட்டைவிட்டுப் போவது அப்பா. என் தலைக்குப் பச்சைச் சாயம் அடித்தாயிற்று. மகள்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடுவாயா என்று கேட்டால், "முடிவ முன்னாடியே சொல்லக் கூடாதுங்கப்பா" என்கிறாள்.