எண்ணெய் தேய்த்துக் குளித்த டயர்கள்

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், வீட்டுக்கு ஹாரன் வைத்திருந்த மனிதர் ஒருவர்தான். மேனாம்பேட்டில் எங்கள் எதிர்வாடை ‘வண்டி ஊட்டு நைனா’.

ஏலத்தில் விட்ட பழைய மிலிட்டரி ஆம்புலன்ஸ் வேனை வாங்கி, உள்ளே கட்டில், ஸ்டவ், முருகன் படம் எல்லாம் வைத்து, மனைவி அலமேலுவோடு குடியேறியிருந்தார்.

“ஊடுன்னா ஒரே எடத்துல குந்திகினு இருக்கணுமா? நம்ம ஊடு திருத்தணி போவும், திருப்பதி போவும்!” என்பார். அது புளியமரத்தடியை விட்டு நகர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது.

வண்டியைக் கவனிக்காமல் விட்டார் என்று மட்டும் சொல்லக்கூடாது. கவனித்ததுதான் வினை. வாரம் தவறாமல் டயர்களுக்கு நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவைத்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டுவார். முன் டயர் இரண்டும் ஆண்களாம், அவற்றுக்குச் சனிக்கிழமை. பின் டயர் இரண்டும் பெண்கள், வெள்ளிக்கிழமை.

“எண்ணெய் பட்டா ரப்பர் கெட்டுடும்னு எங்க ஃபாக்டரியில சொல்றாங்க நைனா,” என்றேன்.

“தெனம் வெயில்ல நிக்கற ஒடம்பு தம்பி, சூடு புடிச்சிக்காது? பட்டனைப் பாரு, ஒண்ணுகூட தேயல. சோக்கா கீது!”

பட்டன் என்றால் டயரில் தரையைத் தொடும் மேடுகள்; ஓடாத டயரில் அது எப்படித் தேயும்? டயரின் கன்னத்தில்தான் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

ஒரு ஆடி மாதம் அலமேலு அம்மாள் பொறுமை இழந்தாள்.

“இந்தக் கிருத்திகைக்கு உன் ஊடு திருத்தணி போவலன்னா, நான் கோவில்பதாகைக்கு எங்க அண்ணன் ஊட்டுக்கே பூடறேன். அங்க செவுராச்சும் கீது!”

நைனா சிரித்தார். ஆனால் மறுநாளே வெள்ளோட்டம் என்று தெருவுக்கு அறிவித்தார். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டினார், இன்ஜின் உறுமியது, வண்டி ஓர் அங்குலம் அசைந்தது.

டுமீல்!

உலகத்தில் முதன்முதலாக எலுமிச்சம்பழம் முழுசாக இருக்க, டயர் செத்தது எங்கள் தெருவில்தான்.

அலமேலு அம்மாள் குனிந்து பழத்தை எடுத்தாள். “ஊறுகாய்க்காச்சும் ஆவும்,” என்றாள். துணி மூட்டையை இடுக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டாள்.

சாயங்காலம் நைனா வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தார். “ஊடு ரொம்பப் பெருசா கீது தம்பி,” என்றார். அதில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாது.

மறுநாள் பூந்தமல்லி டயர் கடைக்கு என்னையும் இழுத்துப்போனார். எங்கள் குடும்பத்திலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். டயரில் எழுதியிருப்பதைப் படிக்க ஆள் வேண்டுமாம். படித்தேன்.

“அது அளவு. வயசு இன்னா?”

“வயசு போடலையே நைனா.”

“வயசு தெரியாம பொண்ணு எடுக்கறதா?”

ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தார். கன்னத்தில் நகத்தை அழுத்தினார். பழைய டயரில் புதுப் பட்டன் ஒட்டியதைக் கடைக்காரர் உருட்டி வந்ததும், “இது ரெண்டாந்தாரம், வாணாம்பா,” என்று தள்ளினார். கடைசியில் நாலு புது டயர்.

“நாலும் ஒரே வயித்துல பொறந்ததா?”

“ஒரே லாரியில வந்துது பெரியவரே!” என்று கும்பிட்டார் கடைக்காரர்.

கிருத்திகைக்கு முன்னால் வண்டி கோவில்பதாகைக்கு ஓடியே போனது. துணைக்கு நான். மச்சான் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு நிறுத்தினார்.

“செவுரு கேட்டியேமே! செவுத்தோரமாவே நிறுத்திக்கீறேன், வந்து பாரு!”

அலமேலு அம்மாள் ஈரக் கையோடு வந்தாள். டயரைத் தடவி விரலை மோந்தாள்.

“எண்ண வெச்சியா?”

“முருகன் மேல ஆணை. தொடவேயில்ல.”

“சாப்ட்டியா?”

“ஊட்ல ஆள் இல்லாம இன்னாத்த சாப்புடறது?”

அவள் உள்ளே போய், சோற்றுத் தூக்கோடும் துணி மூட்டையோடும் வந்து முன் சீட்டில் ஏறினாள்.

“நீயும் ஏறு தம்பி, திருத்தணி பாத்துட்டு வரலாம்!” என்றார் நைனா.

எனக்கும் கொள்ளை ஆசைதான். ஃபாக்டரிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தே திரும்பினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.