தெருவுக்குக் காய்ச்சல் பார்த்த கவுன்சிலர்

பிள்ளைகளே, உலகத்திலேயே ஒரு தெருவுக்குக் காய்ச்சல் பார்த்த மனிதர் எங்கள் வார்டு கவுன்சிலர் ஒருவர்தான். பட்டு நெசவுக்காரர். ஊரே அவரைத் தெர்மாமீட்டர் என்றுதான் கூப்பிடும்.

கரிப்புகை காற்றில் சேர்ந்து பூமியைச் சூடாக்குகிறது, மரங்கள் அதைக் குறைக்கின்றன என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததை அவர் பேப்பரில் படித்துவிட்டார். அதிலிருந்து வீட்டில் அடுப்பு மூட்டுவதே வம்பு.

"கொஞ்சமா வெறகு வெய்மா. பூமி சுடுது."

"பூமி கெடக்கட்டும். சோறு வேவணுமா, வேணாவா?" என்பார் அவர் சம்சாரம்.

அந்தக் கோடையில், எங்கள் தெருப் புங்க மரங்களை வெட்டிச் சாலையை அகலமாக்கும் தீர்மானம் நகரசபைக்கு வந்தது. அந்த நிழலில்தான் நாங்கள் பாவு விரிப்போம். அதாவது, புடவைக்கான நீள இழைகளைத் தெருவோடு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவோம். மரம் போனால் பிழைப்பும் போச்சு.

சபையில் தெர்மாமீட்டர் எழுந்தார். கையில் கம்பவுண்டரிடம் இரவல் வாங்கிய காய்ச்சல் மானி. "வெயில்ல வெச்சேன், நூத்தியெட்டு. அதுக்கு மேல கோடே இல்ல."

"நெழல்ல?" என்றார் சேர்மன்.

"அங்கியும் நூத்தியெட்டுதாங்க."

ஏறின பாதரசத்தை உதறி இறக்கவேண்டும் என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

"தெருவுக்கு ஜுரம்பா. ரெண்டு மாத்திரை குடுத்துட்டு மரத்த வெட்டுங்க" என்றார் பஸ் முதலாளி கவுன்சிலர். சபை குலுங்கியது. சேர்மன் இரக்கப்பட்டு, "நாளைக்கி ஓட்டு. வேற ஆதாரம் இருந்தா காட்டுபா" என்றார்.

"தெருவுக்கு வாங்க, காட்றேன்."

மறுநாள் காலை சபையே வந்தது. தெர்மாமீட்டர் தம் சொந்தப் பட்டுப் பாவுகள் இரண்டை விரித்திருந்தார். ஒன்று மரத்தடியில், இன்னொன்று வெட்டவெளியில். வெயில் ஏறியது. வெளியே இருந்ததில் கஞ்சி முறுகி, இழைகள் பட்பட்டென்று அறுந்தன. மரத்தடிப் பாவு அசையவில்லை.

பஸ் முதலாளியின் அப்பாவும் நெசவாளிதான். அவரால் தாங்க முடியவில்லை. "யோவ், இன்னாயா பண்ற? பட்டுயா அது. நெழலுக்குத் தூக்குயா" என்று தாமே ஒரு முனையைப் பிடித்துவிட்டார்.

"தூக்கறேன். நாளைக்கி எந்த நெழலுக்குத் தூக்கறது? அத்த சொல்லு."

விஞ்ஞானத்தைக் கேட்டுச் சிரித்த சபை, அறுந்த இழையைப் பார்த்து மரங்களுக்காகக் கை தூக்கியது. தீர்மானம் தோற்றது.

வீணாய்ப்போன அந்தப் பாவில் இழைக்கு இழை பிணைத்துத் தரத் தெருவே உட்கார்ந்தது. அவரோ சும்மா இராமல், ஒவ்வொருவர் பக்கத்திலும் குந்தி, பூமிச் சூட்டை முதலிலிருந்து விளக்கினார். அன்றைக்குத்தான் நாங்கள் அவரை முழுசாகப் பேசவிட்டோம்.