தாமதத்துக்குக் காரணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ளோரும் உடல்நலத்தோடும் மன நிம்மதியோடும் இருக்க இன்று காலை வேண்டிக்கொண்டேன். என் நோட்டில் வரிசை எண் 412. இப்போதைக்கு 'நிலுவை' என்று எழுதியிருக்கிறேன். தங்கள் பதில் வந்ததும் 'கிடைத்தது' என்று மாற்றிக்கொள்வேன்.

என் கதையை ஏற்றுக்கொண்டதாகவும், அதோடு போட என்னைப் பற்றி ஒரு வரி அனுப்பும்படியும் எழுதியிருந்தீர்கள். ஒரு வரிதானே என்று உட்கார்ந்தேன். பதினொரு நாள் ஆகிவிட்டது. கதையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

நான் எழுத்தாளர் இல்லை ஐயா. எட்டாவதோடு நின்றவள், மற்றதெல்லாம் துணி மடிக்கிற நேரத்தில் நானே படித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் என்னை பக்தை என்று வைத்திருக்கிறார்கள். ஏணியும் ஓடாத மின்விசிறியும் கிடந்த சின்ன அறையை ஒழித்து, சாமி படத்தை மாட்டி, தினமும் காலையில் முக்கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்வேன். ஆரம்பத்தில் சத்தியமாக வேண்டுதல்தான். எதற்கும் கணக்கு வைத்தே பழகியவள் என்பதால் ஒரு நோட்டில் ஐந்து கட்டம் அடித்தேன்: தேதி, யாருக்கு, என்ன கேட்டேன், கிடைத்ததா, இல்லையென்றால் தாமதத்துக்குக் காரணம். வம்பு அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். கடவுள் காரணம் சொல்வதில்லை, எனக்கோ கட்டத்தைக் காலியாக விட மனசு வராது. நானே எழுத ஆரம்பித்தேன். மாடி வீட்டுத் தையல்காரம்மா மகளுக்கு வேலை வேண்டும் என்றார், கிடைக்கவில்லை. 'நேர்காணலுக்குப் போன பேருந்தில் ஜன்னலோரமாக ஒரு பெரியவர் அழுதுகொண்டிருந்தார், அவரைப் பார்த்துக்கொண்டே இறங்க மறந்துவிட்டாள்' என்று காரணம் எழுதினேன். எழுதிய பிறகு அவர் ஏன் அழுதார் என்று எனக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது. கட்டம் பக்கம் பக்கமாக நீண்டுகொண்டே போக, ஏதோ ஒரு வேகத்தில் அதைத்தான் தங்களுக்குத் தபாலில் போட்டுவிட்டேன். ஐந்து கட்டமாக இருப்பதைத் 'துணிச்சலான வடிவப் புதுமை' என்று பாராட்டியிருந்தீர்கள். அது அடிஸ்கேல் வைத்துப் போட்ட கோடு ஐயா.

அந்த அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை வெயில் மேலே உள்ள சின்னக் கண்ணாடி வழியாக இறங்கி நோட்டில் வந்து உட்காரும். குக்கர் விசில், குளியலறைக் குழாய், இவர் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற சத்தம் எல்லாம் யார் வீட்டிலோ நடப்பது போலக் கேட்கும். அந்த நேரத்தில் நான் யாருக்கும் மனைவி இல்லை, மருமகள் இல்லை, எனக்கு வயதுகூட இல்லை. பேருந்து ஜன்னலோரத்தில் இருப்பேன். படத்தில் இருப்பவர் கொஞ்சம் குனிந்து எட்டிப் பார்ப்பது போலிருக்கும். கோபமா, அடுத்தது என்ன என்கிற ஆவலா, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கதவைத் திறந்ததும் எழுதினவள் போய்விடுவாள். வெளியே வருவது நான்தான். அவளைப் பற்றி ஒரு வரி எழுத எனக்கு என்ன தெரியும்?

இதற்கிடையில் பொய் வளர்ந்துகொண்டே போகிறது. ஒருநாள் கதையில் பேருந்து நிற்கப் போகிற இடத்தில் பேனா தீர்ந்துவிட்டது. பாதியில் எழுந்து வெளியே ஓடி வந்து பேனா கேட்டேன். எதற்கு என்றார் இவர். கடவுள் பெயரை எழுதுகிறேன் என்று வாயில் வந்துவிட்டது. பாவம், மறுநாளே ஒரு டஜன் வாங்கி வந்தார். இன்னொரு நாள் எழுதியதைப் படித்து நானே சத்தமாகச் சிரித்துவிட்டேன். வெளியே இருந்த என் மாமியார், எங்க மருமகளுக்குத் தரிசனம் கிடைச்சிடுச்சு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது மருந்துக்கடை அம்மா தொடங்கி எல்லோரும் வேண்டுதலைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கடைசிக் கட்டத்துக்கு வேலை ஓயவில்லை. தங்கள் கடிதம்கூட சாமி அறையில், நோட்டின் மேல்தான் இருந்தது. யார் வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. நான் விசாரித்தால் என்னையும் விசாரிப்பார்கள்.

அச்சில் பெயர் வந்தால் எல்லாம் தெரிந்துவிடும். பிரார்த்தனைக்குச் சாத்திய கதவை எங்கள் வீட்டில் யாரும் தட்டமாட்டார்கள். கதை எழுதச் சாத்தினால், சாம்பாரில் உப்பு போட்டியா என்று கேட்கவாவது தட்டுவார்கள். எனக்குக் கதவு முக்கியம் ஐயா. தயவுசெய்து கதையைத் திருப்பிவிடுங்கள்.

தங்கள் இல்லத்தில் நான்காவது கட்டம் எப்போதும் 'கிடைத்தது' என்றே நிரம்பட்டும்.

இப்படிக்கு,
கோடு மட்டும் நேராகப் போடத் தெரிந்த ஒருத்தி

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடி வெளியே வந்தேன். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "திருப்பிக் கேட்டு எழுதிட்டியாக்கும்" என்றார். எதை அத்தை என்றேன்.

"கதையைத்தான். போஸ்ட்மேன்கிட்ட லெட்டரை வாங்கிப் படிச்சுட்டு நோட்டு மேல வச்சதே நான்தானே. பேனா தீந்துபோச்சுன்னு எந்த பக்தையாவது சாமியப் பாதியில விட்டுட்டு ஓடி வருவாளா? எனக்கு அன்னைக்கே தெரியும்."

அப்புறம் ஏன் தரிசனம் கிடைச்சதுன்னு தெருவெல்லாம் சொன்னீங்க என்று கேட்டேன்.

"வேற எதைச் சொன்னா இந்த வீட்ல கதவைத் தட்டாம இருப்பாங்க?" என்று கீரைத் தண்டை ஒடித்தார். "அச்சுல வரணும்னு என் பேர்லயும் ஒரு வேண்டுதல் எழுதிக்கோ, போ."

ஆகவே ஐயா, திருப்பி அனுப்ப வேண்டாம். 413ஆம் எண்ணில் பதிந்துவிட்டேன். தாமதமானால் கடைசிக் கட்டத்தைத் தாங்கள்தான் நிரப்ப வேண்டும். தாங்கள் கேட்ட ஒரு வரி: 'தினமும் காலையில் முக்கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்பவர்.'