கேள்விப் பாசனம்

"அம்மா, ஆத்துத் தண்ணிக்கு நம்ம ஊருக்கு வர்ற வழி தெரியாதா?"

கோடியமங்கலத்தில் முன்பொரு நாள், நான்கு வயது வானதி தன் அம்மா பூவிழியிடம் இப்படிக் கேட்டாள். பாசன வரலாற்றில் இந்தக் கேள்விக்கு நிரந்தரமான இடம் உண்டு. கல்லணைக்குப் பிறகு காவிரிப் படுகையில் நடந்த மிகப் பெரிய சாதனை இதிலிருந்துதான் பிறந்தது. ஆற்றுப் பாசனம், ஏரிப் பாசனம், கிணற்றுப் பாசனம் என்று மூன்றோடு நம் பள்ளிப் புத்தகங்கள் நிறுத்திவிடுகின்றன. நான்காவதாகக் 'கேள்விப் பாசனம்' என்று ஒன்று உண்டு என்பதும், அதைக் கண்டறிந்தவர் ஓர் ஒன்றியக் குழு உறுப்பினர் என்பதும் இன்னும் புத்தகத்தில் ஏறவில்லை. ஏறும்.

கோடியமங்கலம், நல்லம்மா வாய்க்காலின் கடைசி ஊர். அந்த ஊருக்கு அப்பால் வாய்க்கால் இல்லை. அந்த ஊர் வரைக்கும் தண்ணீர் இல்லை. பூவிழியின் மாமனார் காலம்வரை அந்தக் குடும்பம் பிறத்தியார் வயலில் கூலிக்கு நடவு செய்தது. இப்போது சொந்தத்தில் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று அவர்களே பயிர் வைக்கிறார்கள். ஒன்றியக் குழுத் தேர்தலில் நின்றபோது பூவிழி தந்த வாக்குறுதி ஒன்றே ஒன்று: "எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா கேப்பேன்." இவ்வளவு சிக்கனமான தேர்தல் அறிக்கையை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஜெயித்துவிட்டாள்.

மேட்டூர் திறந்து ஆடி மாதமும் பிறந்துவிட்டது. ஒன்றியக் குழுக் கூட்டத்தில் எல்லாத் துறைகளும் வரிசையாக அமர்ந்திருந்தன. வாய்க்கால்களைக் கவனிக்கும் துறையின் பெயரை இங்கே எழுதுவது மரியாதையாக இராது. 'துறை' என்றே சொல்வோம். துறையின் சார்பில் பொறியாளர் செந்தில்குமார் வந்திருந்தார். நல்ல மனிதர். போண்டாவைக்கூடப் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டிவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்.

பூவிழி எழுந்தாள். "எங்க ஊருக்குத் தண்ணி எப்பங்க வரும்?"

"கடைமடை வரைக்கும் சீரா போயிட்டிருக்கு மேடம்."

"எங்க ஊர்தாங்க கடைமடை."

"அப்ப உங்க ஊருக்கும் போயிட்டிருக்குன்னு அர்த்தம்."

"காலையில வாய்க்காலுக்குள்ளதாங்க நடந்து வந்தேன். செருப்புகூட நனையல."

"அது மேடம், நீங்க நடந்த நேரம் அப்படி."

ஒன்றியத் தலைவர் விஜயலட்சுமி சமாதானப் பிரியர். "எதுக்கு வாக்குவாதம்? வியாழக்கிழமை குழுவே நேர்ல போய்ப் பாத்துரும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

வியாழக்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாகக் கோடியமங்கலத்துக்குள் புகுந்தது. குழு கரையில் நின்று மலர் தூவியது. செந்தில்குமார் தண்ணீரை நோக்கிக் கை காட்ட, மற்றவர்கள் அவர் கை காட்டிய இடத்தைப் பார்க்க, போட்டோ எடுக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் போட்டோவுக்கு நிற்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்மடைக்கு ஓடினார்கள். 'களஆய்வு இனிதே நிறைவுற்றது' என்று குழு எழுதி முடிப்பதற்குள் நாற்றங்கால்கள் நனைந்துவிட்டன. சாயங்காலம் ஜீப் போயிற்று. பின்னாலேயே தண்ணீரும் போயிற்று.

வேறு யாராக இருந்தாலும் ஏமாந்துவிட்டோமே என்று வருந்தியிருப்பார்கள். அறிவியல் மனம் அப்படி வருந்தாது. கேட்டோம், வந்தது; கேட்பதை நிறுத்தினோம், நின்றது. பூவிழி மறுபடி கேட்டாள். மறுபடி வந்தது. ஒன்றியக் குழு, விவசாயிகள் குறைதீர் கூட்டம், கிராம சபை என்று எங்கெல்லாம் ஒரு மைக் இருந்ததோ அங்கெல்லாம் கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில், ஒரு களஆய்வு, ஒரு நாள் தண்ணீர்.

துறையும் மனமுவந்து ஒத்துழைத்தது. செந்தில்குமார் போன் செய்தார்.

"மேடம், அடுத்த கேள்வி என்னைக்குக் கேக்கறதா உத்தேசம்?"

"ஏங்க?"

"முன்கூட்டியே சொன்னீங்கன்னா எங்களுக்கும் வசதி. பூவுக்கு ஆர்டர் குடுக்கணும்ல."

ஊரின் பேச்சே மாறிவிட்டது. "வானம் எப்படி இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. "கூட்டம் என்னைக்கு?" என்றுதான் கேட்டார்கள். பூவிழியின் பக்கத்து வயல்காரர் ஐயாவு விடிந்ததும் வாசலில் வந்து நிற்பார்.

"ஏம்மா, வெள்ளிக்கெழம ஒரு கேள்வி போட்டு வுடு. நாத்துப் பறிக்கணும்."

"போன வாரந்தானே மாமா கேட்டேன்?"

"அது ஓட்டத்துலயே போயிருச்சு. இந்தத் தடவ கொஞ்சம் அதட்டிக் கேளு. மொழங்கால் அளவாவது வரட்டும்."

புகழ் பரவியது. பக்கத்து வார்டு உறுப்பினர் வளவன் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டார். குழு பகலில்தான் வரும் என்பதால், மறுநாள் நண்பகலில் தெருவிளக்குகள் அத்தனையும் ஜகஜ்ஜோதியாக எரிந்தன. வெயில் காரணமாக வெளிச்சம் சரியாகத் தெரியவில்லை என்று குழு தன் வருத்தத்தைப் பதிவு செய்தது.

இப்படியாக ஆவணி பாதியில் கோடியமங்கலம் சம்பா நடவை முடித்துவிட்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த ஊர் இவ்வளவு சீக்கிரம் நட்டதில்லை. பூவிழியின் நாற்றங்காலில் நட்டது போக நாற்று மிச்சமே இருந்தது. ஊர் ஒரு தேங்காய் உடைத்து நன்றி சொன்னது. துறை, தன் ஆண்டு மலரில் கால் பக்கம் ஒதுக்கியது.

அந்த வாரம் களஆய்வு நாளன்று, பூவிழி ஸ்கூட்டியில் மேலமங்கலம் வழியாக வந்தாள். அது இவர்கள் ஊருக்கு மேலே, அதே வாய்க்காலில் இருக்கும் ஊர். வாய்க்காலில் தண்ணீர் நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஞானாம்பாள் அடிபம்பிலிருந்து பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்துகொண்டிருந்தாள். கணவர் போன பிறகு தன் நிலத்தைத் தனியாகப் பார்த்து வருகிறவள். மோட்டார் இல்லாமல் வாய்க்காலை மட்டும் நம்பி அந்த ஊரில் மிச்சமிருந்த வயல் அது ஒன்றுதான். பூவிழி வண்டியை நிறுத்தினாள்.

"என்னக்கா இது? வாய்க்கால் நெறையப் போவுது, நீங்க கொடத்துல தூக்குறீங்க?"

"போவுது. எனக்கில்லம்மா. இன்னிக்குக் கேள்வி நாளுல்ல?"

பூவிழிக்கு விளங்கவில்லை. ஞானாம்பாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, தன் வயலுக்குப் பிரியும் மதகைக் காட்டினாள். அடைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

"இதப் பூட்டினாத்தானே ஒங்க ஊரு வரைக்கும் போவும்? கமிட்டி வர்றப்பல்லாம் பூட்டிடுவாங்க. போட்டோ எடுத்தா ஞாபகமாப் போயிடறாங்க. தொறக்கறதுக்குத்தான் ஞாபகம் வர மாட்டேங்குது."

அவளுடைய நாற்றங்கால் முழுவதும் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தது. இனி விதை விட்டு நாற்றாக்க நாள் இல்லை. நாற்று இல்லையென்றால் நடவு இல்லை. நடவு இல்லையென்றால் அந்த வீட்டில் தை மாதம் இல்லை.

"ஏங்க்கா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"என்னன்னு சொல்றது? காலங்காலமா காஞ்சு கெடந்த ஊரு. ஒங்க வயல்ல தண்ணி ஏறுதுன்னு கேள்விப்பட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு. மொதத் தடவ பூட்ட வந்த ஆளே தயங்குனாரு. நாந்தான் 'போட்டுக்கப்பா, அவங்களும் நட்டுக்கட்டும்'னேன். நாத்து தாங்கும்னு நெனச்சேன். தாங்கல." அவள் சிரித்தாள். "அதுக்காகக் கேக்கறத வுட்டுறாதே. கேக்கறதுக்கு ஒரு ஆளாவது வேணும். எங்க ஊரு மெம்பர் போண்டா திங்கத்தான் வாயத் தொறக்குறாரு."

பூவிழி அன்று களஆய்வுக்குப் போகவில்லை. பிள்ளையார் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவள் கேட்ட கேள்விகளால் ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடியிருக்கவில்லை. ஞானாம்பாளின் வயலிலிருந்து எடுத்துத்தான் தன் வயலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதற்கு மலர் வேறு தூவியிருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் செந்தில்குமார் எல்லா ஏற்பாட்டோடும் வந்திருந்தார். பூவுக்குச் சொல்லியாயிற்று. பூட்டும் சாவியும் பையில் தயார். பூவிழி எழுந்ததும், அவரே முந்திக்கொண்டு, "கடைமடை வரைக்கும் சீரா..." என்று தொடங்கினார்.

"அது இல்லீங்க. போன வருஷம் நல்லம்மா வாய்க்கால் முழுக்கத் தூர் வாரினதா செலவு எழுதியிருக்கீங்க. வாரின மண்ணு எங்கங்க?"

"மண்ணா?"

"மண்ணுதாங்க. உள்ள இருந்து எடுத்தா கரையில கெடக்கணும்ல? கரை இருந்த மாதிரியே இருக்கு. வாய்க்காலும் மேடு தட்டி இருந்த மாதிரியே இருக்கு. வாரியிருந்தா மேலமங்கலத்துக்கும் பாயும், எங்களுக்கும் பாயும். யார் மதகையும் பூட்ட வேண்டாமே."

செந்தில்குமார் கோப்பைப் புரட்டினார். போண்டாத் தட்டைப் பார்த்தார். பிறகு துறையின் பதிலை எழுந்து நின்று வாசித்தார்: "வாரப்பட்ட மண், காலப்போக்கில் இயற்கையோடு ஒன்றிவிட்டது."

"அப்ப குழு நேர்ல போய்..." என்று தலைவர் ஆரம்பித்தார்.

"வேண்டாம் மேடம்!" என்று செந்தில்குமார் போட்ட சத்தத்தில் மைக்கே ஒரு தரம் கீச்சிட்டது.

கூட்டம் முடிந்ததும் தாழ்வாரத்தில் அவர் பூவிழியிடம் வந்து கையைப் பிசைந்தார். "மேடம், தண்ணின்னா ஒரு நாள் வுட்டுக் காட்டிட்டு நிறுத்திக்கலாம். மண்ண நான் எங்கேருந்து கொண்டாருவேன்? தயவுசெஞ்சு பழைய கேள்வியே கேளுங்க. வாரம் ரெண்டு வேணாலும் கேளுங்க. நான் பாத்துக்கறேன்."

"அது இனிமே வேணாங்க."

"அப்ப மேலமங்கலம் மதகு?"

"பூட்டாதீங்க. மண்ணுக்குப் பதில் வர்ற வரைக்கும் நான் கேட்டுட்டேதான் இருப்பேன்."

ஊரில் இதற்கு வரவேற்பில்லை. ஐயாவு தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்லா வந்துட்டிருந்த கேள்வியக் கெடுத்துட்டியேம்மா! மண்ணக் கேட்டு மண்ணையா திங்கப் போறோம்?"

"நம்ம நடவு வேர் புடிச்சிருச்சு மாமா. ஒரு வாரம் தாங்கும்."

"யாருக்காகத் தாங்கணும்?"

கேள்வி கேட்டே பழகியவர்களுக்குப் பதில் சொல்ல வராது போலும் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஆவணியின் கடைசி ஞாயிறு. இரண்டு ஊரும் வேன் பிடித்துப் புன்னைநல்லூர் மாரியம்மனைப் பார்க்கப் போயிருந்தன. ஞானாம்பாளும் போயிருந்தாள். 'தாயே, கொஞ்சம் தாமதமா வர்றேன், கோவிச்சுக்காதே' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, பூவிழி தன் நாற்றங்காலில் இறங்கினாள். மிச்சமிருந்த நாற்றைப் பறித்து, வேரை அலசி, முடி முடியாக, கைக்கு அடங்கும் கட்டுகளாகக் கட்டினாள். ஸ்கூட்டியின் முன்னும் பின்னும் அடுக்கி, இரண்டு ஊருக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தாள். மேலமங்கலம் மதகு திறந்திருந்தது. உழுது கிடந்த ஞானாம்பாளின் வயலில் தண்ணீர் பரவி நின்றது. வரப்போரமாக, வேர் காயாதபடி தண்ணீரில் நாற்று முடிகளை நிறுத்தி வைத்தாள். குழு வரவில்லை. பூ இல்லை. போட்டோ இல்லை. ஒரு கொக்குகூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸில் அவளும் புன்னைநல்லூருக்குப் போனாள்.

யார் வைத்தது என்று ஞானாம்பாள் யாரையும் விசாரிக்கவில்லை. மறுநாளே நட்டுவிட்டாள்.

அதற்கடுத்த கூட்டத்தில் துறை ஓர் அறிக்கை வைத்தது: 'மேலமங்கலத்தில் நடவு முழுமையாக நிறைவுற்றுள்ளது. எனவே அங்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு இருந்ததே இல்லை என்பதும், வாய்க்கால் முறையாகத் தூர் வாரப்பட்டது என்பதும் ஐயமற நிரூபணமாகின்றன.' உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். ஏதாவது துணைக்கேள்வி உண்டா என்று தலைவர் பூவிழியைப் பார்த்தார்.

அந்த நாற்று எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அறிக்கை அங்கேயே கிழிந்திருக்கும். ஆனால், அதற்கு அவளே சாட்சி சொல்ல வேண்டியிருக்கும்.

பூவிழி அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, "வாரின மண்ணு எங்கங்க?" என்று கேட்டாள்.