என் பலகையில் தார் பூசவைத்த கம்பனிக்காரர்

டை கட்டிய ஐயா, நீர் ஒரு கோழை. முணுமுணுக்கவில்லை, அச்சில் போட்டுத்தான் சொல்கிறேன்.

யுத்த காலம். வெள்ளவத்தையில் மனோன்மணி அக்காவின் வீட்டுப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தேன். அங்கேயே பழைய இயந்திரங்கள் இரண்டை வைத்துக் கணினி வகுப்பு நடத்தினேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்குக் கொழும்பில் அறை கிடைப்பதே பெரும்பாடு. பொலிஸில் பதிந்த விலாசம் இல்லாவிட்டால் றோட்டில் நடக்க முடியாது. அக்காவின் நிபந்தனை ஒன்றுதான்: "பொலிசு படியேறினா, நீர் படியிறங்க வேணும் தம்பி."

அறைக்குத் தனியாக ஒரு பச்சைக் கதவு இருந்தது. ஆகவே 'பச்சைக் கதவு கொம்பியூட்டர் வகுப்பு' என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழிகளிலும் பலகை மாட்டினேன். (என் கற்பனை வளம் அவ்வளவுதான்.)

ஒருநாள் மத்தியானம் நீர் வந்தீர். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் உள்ளூர் ஏஜென்ட் என்று கார்டை நீட்டினீர். உங்கள் மென்பொருளுக்கும் கதவு என்றுதான் பெயராம்.

"மிஸ்டர், கொம்பியூட்டர் பிஸ்னஸில இந்தச் சொல்லை வேற ஆக்கள் பாவிக்க ஏலாது."

"தமிழிலயுமோ?"

"எல்லாப் பாசையிலயும்தான். இண்டைக்கே அழியும். இல்லாட்டி புதுக்கடைக் கோட்டில, ஜட்ஜுக்கு முன்னால சந்திப்பம்."

நீர் போனபின் எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மூளை உள்ளவன் பலகையைக் கழற்றி உள்ளே வைத்திருப்பான். நான் தார் வாங்கி வந்து, மூன்று மொழிகளிலும் கதவை மட்டும் கறுப்பாக மூடினேன்.

அன்று பின்னேரமே தெருவில் சோதனை. பொலிஸ் சார்ஜன்ட் பலகைக்கு முன்னால் நின்றார். தார் இன்னும் காயவில்லை.

"மொனவாத மெக்குவே?" என்றார். என்னத்தை அழித்தாய் என்று கேட்கிறார். அந்த நாளில் ஒரு தமிழன் பலகையில் ஒரு சொல்லை அழித்திருந்தால், அது என்ன சொல்லாக இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார்? நீரே யோசியும்.

"தொர," என்றேன். சிங்களத்தில் கதவு.

"கதவை யாராவது அழிப்பானா? அழிக்கச் சொன்னது யார்?"

"வெளிநாட்டுக்காரர்," என்றேன். (இதைவிடப் பொருத்தமான பதில் உலகத்தில் இல்லை.)

பலகையும் நானும் ஜீப்பில் ஏறினோம். நிலையத்தில் உமது கார்டைக் கொடுத்தேன். சார்ஜன்ட் தொலைபேசியில் உம்மைப் பிடித்தார். கேட்டுவிட்டு வைத்தார். "அப்படி ஒருத்தனைத் தெரியாதாம்."

அப்போதுதான் மனோன்மணி அக்கா மூச்சு வாங்க வந்து சேர்ந்தா. நடந்ததைச் சொன்னேன். அக்கா மேசையில் ஓங்கி அடித்தா.

"கம்பனியின்ர கதவோ? அது என்ர சீதன வீடு! கதவு, நிலை, பிணைச்சல் எல்லாம் என்ர அப்பர் எழுதித் தந்தது! எந்த வெள்ளைக்காரன் வந்து கேக்கிறான், கூப்பிடு பாப்பம்!"

சார்ஜன்டுக்குத் தமிழ் விளங்கவில்லை, கோபம் விளங்கியது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தாரைத் துடைக்கச் சொன்னார். மூன்று மொழிகளிலும் கதவு வெளியே வந்தது. நிலையமே சிரித்தது. "போ மல்லி, போ," என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "கோவிக்காதையும் தம்பி. எனக்கும் குமர்ப் பிள்ளையள் இருக்கு. வேற இடம் பாரும்," என்றா. வகுப்பு அதோடு முடிந்தது. கிருலப்பனையில் அறை கிடைக்கும்வரை, விலாசம் இல்லாமல், சோதனைச் சாவடிகளைக் கண்டு ஒளித்துச் சந்து சந்தாகத் திரிந்தேன்.

இன்றைக்கும் நான் கதவைச் சாத்தினால் என் மனைவி, "கம்பனிட்டக் கேட்டனீங்களோ?" என்பாள். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஐயா, சொல்லுக்கு உரிமை கேட்க என் படிவரை வந்தீர். பொலிஸ் கேட்டபோது என்னைத் தெரியாதென்றீர். ஏன்? இதே பத்திரிகையில், உமது பெயரைப் போட்டுப் பதில் எழுதும்.