கோட்டைச்சாமி துப்பாக்கி துடைத்த மூன்று வாரம்

மாசி பிறந்த அன்று காலையில், கேப்பைக் கூழ்க் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு, கோட்டைச்சாமி ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் தன்னை ஒருவரும் 'சோணையம்மா வீட்டுக்காரர்' என்று சொல்லக்கூடாது.

பொட்டிப்புரத்துக்காரரான அவர் கோம்பைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வீடு மாமனாருடையது. மலையடியில் இருக்கிற கடலைக்காடு, மாமனார் சோணையம்மாள் பேருக்குப் பட்டா மாற்றிக் கொடுத்தது. வீட்டு நாய்கூட சோணையம்மாள் அதட்டினால் வாலை ஆட்டும்; இவர் அதட்டினால் கொட்டாவி விடும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் முந்தின நாள் புதுத் தபால்காரர், "ஐயா பேரென்ன?" என்று கேட்க, பக்கத்தில் நின்ற நாலு பேரும் ஒரே குரலில், "சோணையம்மா வீட்டுக்காரரு" என்றார்கள். தபால்காரர் அதையே பேராக எழுதிக்கொண்டு போய்விட்டார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பரிகாரம் நெல் குதிருக்குள் இருந்தது. மாமனாரின் துப்பாக்கி.

ஏலத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது மாமனாருக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒத்தைக்குண்டு ரைபிள் அது. அடியில் உள்ள இரும்புப் பிடியைக் கீழே இழுத்தால் மேலே வாய் திறக்கும். ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு, பிடியை ஏற்றி, சுட வேண்டும். அடுத்த குண்டுக்கு எல்லாம் முதலிலிருந்து. மாமனார் கை கால் விழுந்து படுத்திருந்த நாலு வருஷமும் அது குதிருக்குள்ளேயே கிடந்தது. போன சித்திரையில் மாமனார் காலமானார். தாலுகா கச்சேரியிலிருந்து தாக்கீது வந்தது: ஒரு வருஷத்துக்குள் வாரிசு பேருக்கு லைசென்ஸ் மாற்ற வேண்டும், துப்பாக்கி வெடிக்கிற நிலையில் இருக்க வேண்டும், தவறினால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும்.

சர்க்கார் எடுத்துக்கொண்டால் காட்டைப் பன்றி எடுத்துக்கொள்ளும். மலையிலிருந்து இறங்கி வந்து, ஒரு பாத்தி விடாமல் உழுதுகொண்டிருந்தன. கோட்டைச்சாமி வாழ்நாளில் அவ்வளவு ஆழமாக உழுததில்லை.

அவர் உத்தமபாளையம் போய், மனு எழுதுகிறவரிடம் ஒரு மனு எழுதி வாங்கி வந்தார். துப்பாக்கி லைசென்ஸைத் தன் கணவர் கோட்டைச்சாமி பேருக்கு மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்று சோணையம்மாள் சொல்வதாக அதில் இருந்தது. சோணையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில்தான் கோட்டைச்சாமி அவளைவிட ஒரு படி மேல்.

"ஏ சோண, இந்தா, இதுல ஒரு கைநாட்டு வையி."

"என்ன காயிதம்?"

"பன்னிக் காயிதம்."

"பன்னிக்கு எதுக்குக் காயிதம்? அது படிச்சுப் பாத்துட்டா கடல திங்குது?"

"பன்னியச் சுடணும்னா சர்க்காருக்கு மனுப் போடணும்ல?"

"யாரு சுடப் போறது?"

"வேற யாரு? நாந்தான்."

சோணையம்மாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று கோட்டைச்சாமிக்குத் தோன்றியது. அவள் காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கய்யா துப்பாக்கி துருப்பிடிச்சு முருங்கக்கா கணக்கா கெடக்கு. மொத அது வெடிக்கட்டும். வெடிச்ச அன்னிக்கே நான் கைநாட்டு வைக்கிறேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நான் எதுக்கு மாறுறேன்? தொடைக்கிற வழியப் பாருங்க."

அவ்வளவு சுலபமாக மடங்கிவிட்டாளே என்று கோட்டைச்சாமி துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே இருந்தவர் பட்டாளத்து ராக்கையா. சோணையம்மாளுக்குச் சித்தப்பா முறை. ஜெர்மன் சண்டையில் பாஸ்ரா வரைக்கும் போய்வந்தவர். இங்கிலீஷில் திட்டு வாங்கத் தெரிந்தவர் கோம்பையில் அவர் ஒருவர்தான்.

ராக்கையா துப்பாக்கியை வெயிலுக்கு நேரே தூக்கி, குழல் வழியாகப் பார்த்தார்.

"என்ன மாமா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல மாப்ள. உள்ள குளவி குடும்பம் நடத்துது."

குளவிக்கூட்டை வெளியேற்ற ஒரு பகல் ஆனது. துணி சுற்றிய மூங்கில் குச்சியால் கோட்டைச்சாமி குத்த, காலி கூடு என்று நினைத்தது காலியாக இல்லை. இடது கன்னம் வீங்கி, வெற்றிலை அடக்கினவர்போல வீட்டுக்கு வந்தார். சோணையம்மாள் மஞ்சளைக் குழைத்துப் போட்டுவிட்டு, "இன்னும் துப்பாக்கி வெடிக்கல, அதுக்குள்ள காயமா?" என்றாள்.

அடுத்து, பிடி அசையவில்லை. ராக்கையா யோசனைப்படி அந்த இடத்தை மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. சோறும் மணத்தது; மோரும் மணத்தது. நாலாம் நாள் கல்லில் ஊன்றி இழுத்ததில், 'கிறீச்' என்று பிடி இறங்கியது. ஆனால் விரல் வைத்து இழுக்கிற குதிரை நகரவில்லை.

"மாமா, குதிர நகர மாட்டேங்குது!" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினார்.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "கொள்ளு வேகவச்சுத் தரட்டா?"

"ஏ புள்ள, இது கேலி பேசுற விசயம் இல்ல. துப்பு இருக்கிறவன் கையிலதான் துப்பாக்கி இருக்கும். தெரிஞ்சுக்க."

"துப்பு எங்கன இருக்கு? எனக்குப் பாக்கிதான் கண்ணுக்குத் தெரியுது."

கோட்டைச்சாமி துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

உள்ளே பார்த்ததில் தோட்டாவின் பிட்டத்தில் குத்துகிற ஊசியின் முனை ஒடிந்து, குதிரையை நகரவிடாமல் சிக்கியிருந்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கொல்லாசாரியிடம் போய், அரம் போட்டு அதே அளவில் ஒன்று செய்யச் சொல்லி, கூடவே உட்கார்ந்து, நாலு தடவை திருத்தி வாங்கி வந்தார்.

குழலுக்குள் கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, துணிக்கீற்றைக் கம்பியில் சுற்றி இழுக்க வேண்டும் என்றார் ராக்கையா. "செங்கல் பொடிய உள்ள போட்றாத மாப்ள. குழலுக்குள்ள முறுக்கு வரி ஓடுது. அது தேஞ்சா குண்டு மலைக்குப் போகாது, மாட்டுக் கொட்டகைக்குப் போயிரும். நயமான துணி வேணும்."

கோட்டைச்சாமி சோணையம்மாளிடம் கேட்டார். "நயமான துணி இருக்கா?"

"தகரப்பெட்டில அடியில ஒண்ணு மடிச்சு வச்சிருக்கேன். எடுத்துக் கிழிச்சுக்கங்க."

பதினாறு வருஷத்தில் அவள் இப்படித் தாராளமாக ஒரு பொருளை எடுத்துக்கொள்ளச் சொன்னதில்லை. அவள் மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று, பார்க்காமலே பரபரவென்று கிழித்தார். பதினாலாவது கீற்றில் மயில்கண் கரை வந்தது.

"ஏ சோண! இது என் கல்யாண வேட்டி!"

"ஆமா. அதான் நயமா இருக்கு."

"வேற துணியே இல்லையா?"

"என் சேலை இருக்கு. அது இன்னும் எனக்குப் பத்துது. உங்களுக்கு இது இடுப்பச் சுத்தி ஆறு வருசம் ஆச்சு."

கல்யாண வேட்டி குழலுக்குள் போய், கறுப்பாக வெளியே வந்தது. போய், வந்தது. பத்தாம் நாள் குழல் வழியாகப் பார்த்தால் எதிர்மலையின் மெட்டுப் பாறை வட்டமாகத் தெரிந்தது. உள்ளே வரிகள் பாம்பு நெளிகிற மாதிரி சுற்றிச் சுற்றிப் போயின. கோட்டைச்சாமி குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையால் இப்படி ஒரு பொருள் துலங்கியதை அவர் அதற்குமுன் கண்டதில்லை. அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டபோது மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

கட்டையின் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகடு, அழுக்கேறிப் பச்சை பூத்திருந்தது. அதைத் தேய்க்கக் கொஞ்சம் புளி கேட்டார். சோணையம்மாள் புளியோடு குத்துவிளக்கையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இது எதுக்கு?"

"கைல புளி இருக்குல்ல, கையோட கையா."

மறுநாள் குத்துவிளக்கோடு தவலை வந்தது. அதற்கு மறுநாள் தவலையோடு அண்டா, செம்பு, கும்பா எல்லாம் வந்தன. மூன்றாம் நாள் சோணையம்மாளின் சேக்காளி பஞ்சம்மாள் தெருக்கோடியிலிருந்து இரண்டு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "அண்ணன் நல்லா வெளக்குறாகளாமே?" என்றாள். கோட்டைச்சாமி சுவருக்கு மேலாக ராக்கையாவைப் பார்த்தார்.

"பட்டாளத்துல இதுக்கு ஃபெட்டீக்னு பேரு மாப்ள," என்றார் ராக்கையா. "தப்புப் பண்ணவனுக்குக் குடுப்பாக."

மூன்று வாரம் முடிந்தது. கட்டையில் ஆளிவிதை எண்ணெய் ஊறி, மரத்தின் ரேகை நரம்பு நரம்பாகத் தெரிந்தது. இரும்பு கருநீலமாக மின்னியது. கோட்டைச்சாமி அதை மடியில் வைத்துக்கொண்டு, மீசையை அதில் பார்த்து முறுக்கினார். வெடிக்கவேண்டியதுதான் பாக்கி.

காட்டுச் சேதத்தையும் துப்பாக்கியையும் பார்க்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். கோட்டைச்சாமி சலவை வேட்டி கட்டிக்கொண்டு, மனுவை மடித்து இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தார். சோணையம்மாள் மோர் கொடுத்தாள். ராக்கையா களத்து மேட்டிலிருந்து எழுபது தப்படி அளந்து, வரப்பில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தார். மாமனார் விட்டுப்போன தோட்டா டப்பாவில் மூன்று தோட்டா இருந்தது.

"சுடுங்க பார்ப்போம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

கோட்டைச்சாமி பிடியை இழுத்தார். தேன்போல இறங்கியது. தோட்டாவைப் போட்டார். குறி பார்த்தார். ஊரே தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது. துப்பாக்கியைத் தோளில் அழுத்திக்கொள்ள வேண்டும் என்று ராக்கையா சொன்னது, குதிரையை இழுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

வெடிச்சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தபோது கோட்டைச்சாமி மல்லாந்து கிடந்தார். மண்சட்டி சௌக்கியமாக இருந்தது. வரப்புக்கு வெகு இடப்பக்கம், கிணற்றுக் கமலையில் தொங்கிய இறவைச் சாலில் ஒரு ஓட்டை விழுந்து தண்ணீர் பீய்ச்சியது. பன்றியையே துரத்துகிற நாய், சோணையம்மாள் சேலைக்குப் பின்னால் நின்றது.

"அய்யய்யோ, சாலு!" என்று சோணையம்மாள் கத்தினாள். "ஓடிப்போய் ஓட்டைய அடைங்க!"

கோட்டைச்சாமி எழுந்து ஓடி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொண்டு நின்றார். அப்போது பின்னால் இன்னொரு வெடி. திரும்பிப் பார்த்தார். மண்சட்டி இருந்த இடத்தில் புழுதி. துப்பாக்கி சோணையம்மாள் தோளில் இருந்தது. கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

"எங்கய்யா எனக்குப் பத்து வயசுலயே பழக்கிவிட்டாரு, எசமான்," என்று அவள் இன்ஸ்பெக்டரிடம் சொல்வது கேட்டது.

பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் இதைச் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கிணற்றடியிலிருந்து அவருக்கு மிச்சப் பேச்சு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்துக் காட்டினார். சோணையம்மாள் தலையை ஆட்டினாள். பட்டா யார் பேரில், வாரிசு யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பிறகு தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார். சோணையம்மாள் என்னவோ கேட்டாள். இன்ஸ்பெக்டர் விளக்கம் சொன்னார். சோணையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கைநாட்டு வைத்தாள்.

"வச்சுட்டியா?" என்று கோட்டைச்சாமி சாலை விடாமல் கத்தினார்.

"வச்சுட்டேன்! வெடிச்ச அன்னிக்கே வைக்கிறேன்னு சொன்னேன்ல!"

சொன்ன சொல் தவறாதவள் என்று அவர் நெகிழ்ந்து போனார். எந்தக் காகிதத்தில் வைத்தாள் என்று பார்க்க அவருக்குக் கை ஒழியவில்லை.

பங்குனிக் கடைசியில் லைசென்ஸ் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. புருஷனும் பெண்சாதியும் துப்பாக்கியோடு உத்தமபாளையம் கச்சேரிக்குப் போனார்கள். குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"லைசென்ஸ்தாரர், சோணையம்மாள்."

கோட்டைச்சாமிக்குக் கச்சேரிக் கூரையே தலையில் இறங்கியது போலிருந்தது. "சாமி, நல்லாப் பாருங்க. எம்பேரு இருக்கும்."

"இருக்கே. ரிட்டெய்னர், கோட்டைச்சாமி."

"என்னது?"

"ரிட்டெய்னர்."

"ரிட்டெய்னர்!" என்று கோட்டைச்சாமி ஒருதரம் சொல்லிப் பார்த்தார். கலெக்டர், கமிஷனர் வரிசையில் கம்பீரமாக இருந்தது. "அதுக்கு என்ன அதிகாரம் சாமி?"

"துப்பாக்கியை நீர் கையில எடுத்துட்டுப் போகலாம். சுத்தமா வச்சுக்கிறது உம்ம பொறுப்பு."

கோட்டைச்சாமி நிமிர்ந்துவிட்டார். "நீ எதுக்குச் சோண வெறும் லைசென்ஸோட நின்னுட்ட?" என்றார் பெருந்தன்மையாக.

"எனக்கு அது போதுங்க. நீங்கதான பாடுபட்டீக. உங்க பேரும் அதுல இருந்தே ஆகணும்னு எசமான்கிட்ட நாந்தான் சொன்னேன்."

பஸ்ஸை விட்டு இறங்கி, கோம்பைக் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். சோணையம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். கோட்டைச்சாமி துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு பின்னால் வந்தார். காப்பிக் கடையில் சொன்னார், "நம்மள ரிட்டெய்னராப் போட்டிருக்காக." ஜவுளிக் கடையில் சொன்னார். வழியில் வந்த தபால்காரரை நிறுத்தி, பழைய பேரை அடித்துவிட்டு 'ரிட்டெய்னர் கோட்டைச்சாமி' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை.

தெருமுனையில் ராக்கையா நின்றார்.

"மாமா, ரிட்டெய்னர் ஆயிட்டேன்!"

ராக்கையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க கர்னல் துரைக்கு ஒரு ரிட்டெய்னர் இருந்தான் மாப்ள."

"அப்படியா! பெரிய உத்தியோகமோ?"

"துரை முன்னால நடப்பாரு. இவன் துப்பாக்கியத் தூக்கிட்டுப் பின்னால போவான்."

கோட்டைச்சாமி முன்னால் பார்த்தார். பத்தடி தள்ளி, குடை நின்று திரும்பியது.

"வெயில் ஏறுது, வெரசா வாங்க," என்றாள் சோணையம்மாள்.

கோட்டைச்சாமி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மாமா, அதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

"ஏவலாள்," என்றார் ராக்கையா.