வாத்துக் கொட்டகைக்குள் இருந்தது நான்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அம்மா அவர்களுக்கு,

பால்பண்ணைக்காரன் எழுதும் வணக்கம். தாங்களும் அலுவலகத்தாரும் சுகம் என்றே நினைக்கிறேன். என் சுகத்தைத்தான் தங்கள் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்பிதழ் கெடுத்துவிட்டது.

கிராமத்துப் பெண்களுக்கென்று ஒரு பத்திரிகை வளர்ந்த வரலாற்றை ஒழுங்காகத்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள். எட்டே பக்கத்தில் கோழி வைத்தியமும் குழந்தைச் சட்டை அளவும் வந்த காலம், படிக்கத் தெரிந்த ஒருத்தியைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்து கேட்ட காலம், எல்லாம் சரி. பதினேழாம் பக்கம் திருப்பினேன், தூக்கிவாரிப் போட்டது. மூட இருந்த பத்திரிகையைத் தூக்கி நிறுத்தியது, ஒருத்தி தன் புருஷனின் அசட்டுத்தனங்களைச் சொல்லும் 'எங்க வீட்டு மேதாவி' பகுதிதான் என்று எழுதி, இருபத்திரண்டு வருடமாக அதை எழுதும் வாசகியின் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். அம்மா, அது என் பெண்டாட்டி!

மாதாமாதம் அவள் பால் கறக்கும்போது, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அந்தப் பகுதியை உரக்கப் படித்துக் காட்டியவனே நான்தான். புதுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க, வாத்துக் கொட்டகைக்குள் நின்றுகொண்டு கதவை இழுத்துச் சாத்தி, மத்தியானம் வரை வாத்துகளோடு இருந்தாரே மேதாவி, அதற்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். "இப்படி ஒரு மனுஷனோட எப்படித்தான் காலந்தள்ளுறாளோ!" என்றேன். "பழகியிருக்கும்" என்றாள், தலையைத் தூக்காமல். எனக்கும் அப்படி நடந்தது உண்டு. ஆனால் எங்களிடம் இருந்தது கோழி. வாத்து என்று போட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்?

பரிதாபம் தாங்காமல், "சகோதரி, அந்த ஆளை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விடு" என்று தங்களுக்குக் கடிதமும் போட்டேன். அச்சிட்டீர்கள். அந்தத் துண்டு அவள் தையல் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்து அவள் முன் நீட்டினேன். "நீ ஏன் போகல?" என்று கேட்டேன். "போயிட்டா யாரு படிச்சுக் காட்டுவாங்க?" என்றாள்.

தீவனக் கடைக்காரர் "வாத்தெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்கிறார். ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை. ஆகவே அந்தப் பகுதியை உடனே நிறுத்தவும்.

தங்கள் பத்திரிகை இன்னும் நூறாண்டு ஓடட்டும்.

இப்படிக்கு,
மேதாவி அல்லாத பால்பண்ணைக்காரன்

பி.கு.: இனி எழுதமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். நேற்றுக் கறவை நேரத்தில் இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. எனக்கு அது தாங்கவில்லை. நிறுத்த வேண்டாம். இன்று அவள் வெளியே போயிருந்தபோது நான் கறந்தேன். வால் முகத்தில் அடிக்காமல் இருக்க அதை என் இடுப்புக் கயிற்றோடு கட்டினேன். பசு குளத்துக்குப் போயிற்று. நானும் போனேன். அவளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தாங்களே எழுதித் தெரிவிக்கவும். பசுவை மட்டும் எருமையாக்கிவிடச் சொல்லவும்.